இசை வேண்டாமென்ற இரண்டு காட்சிகள்

நான் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, எங்கள் மொழிக் கழகக் கலையிரவில் அரங்கேறவிருந்த நாடகத்திற்கு இசையமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று அடக்கத்திற்காகச் சொல்கிறேன். உண்மையில் நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடனாகக் கிடைத்த கீபோர்ட் ஒன்றை விடுதி அறையில் வைத்துக்கொண்டு, இரவு பகலாக உட்கார்ந்து ஏழு காட்சிகளுக்கும் இசை போட்டேன். கதவு திறந்தால் இசை. அப்பா இருமினால் இசை. கடைசிக் காட்சியில், தோட்டம் விற்கப்பட்டு லயத்து வீட்டைக் காலி செய்யும் தாய், கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடப்பாள். அதற்கு நான் வயலின் ஒலிகளையெல்லாம் அடுக்கி, அழாதவனும் அழுதுவிடும்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தேன்.

நாடகத்தை இயக்கிய மூத்த மாணவி, அக்கா என்றே எல்லாரும் அழைப்போம், ஒத்திகையில் அதைப் பொறுமையாகக் கேட்டார். கடைசிக் காட்சிக்கு மட்டும் இசை வேண்டாம் தம்பி, எடுத்துவிடு என்றார். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மூன்று நாளில்தான் பெர்னார்ட் ஹெர்மன் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது. என் அறைத் தோழன் ஈப்போக்காரன். தமிழ்ப் படத்தைவிடப் பழைய ஆங்கிலப் படங்களில் அவனுக்குப் பைத்தியம் அதிகம். என் புலம்பலைத் தாங்கமுடியாமல் அவன் ‘சைக்கோ’ படக் குறுவட்டைப் போட்டு, குளியலறைக் கொலைக் காட்சி வந்ததும் கணினியின் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டான். பார்த்தேன். ஒரு பெண் குளிக்கிறாள், திரை விலகுகிறது, கத்தி ஏறி இறங்குகிறது. பயமே வரவில்லை. கொஞ்சம் அவசரமாக வெட்டி ஒட்டிய படம் போல இருந்தது. பிறகு ஒலியைக் கூட்டி அதே காட்சியைப் போட்டான். நண்பர்களே, நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். நான் அதற்குமேல் விளக்கப் போவதில்லை.

அந்த இசையை எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, என் சின்னச் சண்டை போலவே ஒன்றல்ல, இரண்டு சண்டைகள் அதில் இருக்கக் கண்டேன். இரண்டிலும் எதிரே நின்றவர் ஒருவரே. ஒன்றில் ஹெர்மன் வென்றார். மற்றொன்றில் எல்லாவற்றையும் இழந்தார்.

பெர்னார்ட் ஹெர்மன் 1911ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் நியூயார்க்கில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே கையில் வயலின் வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் இசை எழுதிப் பரிசு பெற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் ஜூலியார்ட் இசைப்பள்ளியிலும் பயின்றார். இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே தனக்கென ஒரு சிறு இசைக்குழுவை அமைத்து நடத்தினார். அன்று யாரும் பெரிதாக மதிக்காத சார்ல்ஸ் ஐவ்ஸ் போன்ற அமெரிக்க இசையமைப்பாளர்களை விடாப்பிடியாக மேடையேற்றினார். பிடிவாதம் அவருக்குப் பிறவிக் குணம் போலும்.

1934இல் சிபிஎஸ் வானொலியில் சேர்ந்தார். என்னைக் கேட்டால், அவர் திரையிசை கற்ற பள்ளிக்கூடம் அதுதான். வானொலி நாடகத்தில் திரை கிடையாது, விளக்கை அணைக்க முடியாது. ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து நள்ளிரவுத் தெருவுக்குக் கதை தாவ வேண்டுமென்றால், இடையில் இருப்பது நான்கைந்து விநாடி இசை மட்டுமே. அந்த நான்கைந்து விநாடியில் இடம் மாறியது தெரிய வேண்டும், நேரம் மாறியது தெரிய வேண்டும், அடுத்து நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்றும் ஓரளவு தெரிய வேண்டும். நீண்ட மெட்டுக்கெல்லாம் அங்கே இடமில்லை. இரண்டு சுரம், சரியான கருவி, சரியான கணம். வாரம்தோறும் நேரடி ஒலிபரப்பு என்பதால், தவறினால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஆண்டுக்கணக்கில் இதையே செய்த ஒருவருக்கு, ஒரு காட்சிக்குள் இசை எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்பது கைவந்துவிடாதா?

அங்கேதான் ஆர்சன் வெல்ஸ் அவருக்கு நண்பரானார். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் இறங்கிவிட்டதாகச் செய்தி வடிவில் ஒலிபரப்பாகி, கேட்டவர்கள் பலரைக் கலங்கடித்த நாடகம் வெல்ஸுடையது. அதற்கு இசைக்குழுவை நடத்தியவர் ஹெர்மன். வெல்ஸ் தம் முதல் படமான ‘சிட்டிசன் கேன்’ எடுக்க ஹாலிவுட் போனபோது, ஹெர்மனையும் கையோடு அழைத்துக்கொண்டார்.

அந்நாளைய ஹாலிவுட்டில் படம் முழுவதும் எடுத்து, வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் இசையமைப்பாளரைக் கூப்பிடுவார்கள். கையில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அவர் மெட்டைக் குறித்துக் கொடுக்க, எந்த வரியை எந்தக் கருவி வாசிப்பது என்று விரித்து எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். ஹெர்மனுக்குக் கிடைத்ததோ பன்னிரண்டு வாரம். சில காட்சிகளை வெல்ஸ் இசைக்கேற்பவே வெட்டினார் என்பது அதைவிடப் பெரிய சலுகை. கேனும் அவன் முதல் மனைவியும் காலையுணவு மேசையில் உட்காரும் அந்த இரண்டு நிமிடம் போல நீளும் காட்சித் தொடரைப் பாருங்கள். அதில் ஒன்பது ஆண்டு மணவாழ்க்கை கரைந்து போகிறது. முதலில் இனிமையான ஒரு வால்ட்ஸ் நடனமெட்டு. பிறகு அதே மெட்டு வேகம் மாறி, கருவி மாறி, முகம் சுளித்து, கடைசியில் உயிரற்றுப் போகிறது. மேசையின் இரு முனைகளில் இருவரும் பேசாமல் செய்தித்தாள் படிக்கிறார்கள். காதல் எப்போது செத்தது என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அதே மெட்டுதான் சொல்கிறது.

அதே படத்தில் அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கேனின் இரண்டாம் மனைவிக்குப் பாட வராது, ஆனால் அவளை ஓப்ரா பாடகியாக்கியே தீருவேன் என்று கேன் அடம்பிடிக்கிறான். அவள் மேடையில் தோற்கும் காட்சிக்கு இசை வேண்டும். மோசமாகப் பாடுபவளைப் பாட வைத்துக் கேலி செய்திருக்கலாம். ஹெர்மன் அப்படிச் செய்யவில்லை. தாமே ஒரு ஓப்ராப் பகுதியை எழுதினார். திரை விலகியதும் பெரிய இசைக்குழு முழங்க, அதன் நடுவே மிக உயர்ந்த சுரத்தில் அவள் பாடியாக வேண்டும். அந்தச் சின்னக் குரல் அதில் மூழ்குகிறது. சிறிய குரல் கொண்ட ஒருத்தி, தன் சக்திக்கு மீறிய இடத்தில் தள்ளிவிடப்பட்டதன் பரிதாபம் அது. நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

1941ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் போட்டியில் அவருடைய இரண்டு படங்கள் நின்றன. பரிசு ‘சிட்டிசன் கேன்’ படத்திற்குக் கிடைக்கவில்லை. ‘ஆல் தட் மனி கேன் பை’ என்ற மற்றொரு படத்திற்குக் கிடைத்தது. வாழ்நாளில் அவர் பெற்ற ஒரே ஆஸ்கர் அதுதான்.

அடுத்த ஆண்டே அவர் குணம் வெளிப்பட்டது. வெல்ஸின் ‘தி மேக்னிபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தைத் தயாரிப்பு நிறுவனம் இயக்குநர் இல்லாத நேரத்தில் நாற்பது நிமிடத்துக்கும் மேல் வெட்டியது. ஹெர்மனின் இசையில் பெரும்பகுதி அதோடு போனது. வேறொருவர் எழுதிய இசை ஒட்டப்பட்டது. தம் பெயரைப் படத்திலிருந்து எடுத்தாக வேண்டும் என்று நின்றார் ஹெர்மன், எடுக்கவும் வைத்தார். வளரும் கலைஞன் ஒருவன் தன் பெயர் திரையில் வராதா என்று ஏங்கும் வயதில், பெயரை அழி என்று சண்டை போட்டவர் அவர்.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தம் இசைக்கான கருவிகளைத் தாமே ஒதுக்கி எழுதுவார், பிறர் கையில் விடமாட்டார். வழக்கமான இசைக்குழு எதற்கு என்று ஒவ்வொரு படத்துக்கும் புதுக்குழுவையே உருவாக்குவார். 1951இல் வேற்றுக்கிரகத்தவன் ஒருவன் வாஷிங்டனில் வந்திறங்கும் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்திற்கு, கை படாமலே ஒலிக்கும் தெரமின் என்ற மின்கருவி இரண்டை எடுத்துக்கொண்டார். 1953இல் கடலடிக் காட்சிகளுக்காக ஒன்பது ஹார்ப் யாழ்களை ஒன்றாக மீட்ட வைத்தார். 1959இல் பூமியின் அடிவயிற்றுக்குப் பயணம் போகும் படத்திற்கு ஐந்து ஆர்கன்கள்! நீளமான மெட்டு அவருக்குப் பிடிக்காது. எட்டு வரி மெட்டு ஒன்று தொடங்கிவிட்டால் அது முடியும் வரை காட்சி காத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு சிறு சொற்றொடர் போன்ற இசைத்துண்டு என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், மீண்டும் சொல்லலாம், நடிகர் திரும்பிப் பார்க்கும் கணத்தில் திருப்பலாம். நம் காதுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். பாட்டை மையமாக வைத்தே இசையமைப்பாளரை எடைபோடப் பழகியவர்கள் நாம். ஹெர்மனின் படங்களிலிருந்து முணுமுணுக்க நமக்கு அதிகம் கிடைக்காது.

ஆல்பிரட் ஹிட்ச்காக்குடன் அவர் சேர்ந்தது 1955இல், ‘தி டிரபிள் வித் ஹாரி’ படத்தில். பிறகு அடுத்தடுத்துப் படங்கள். 1956இல் வந்த ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் இசைக்குழுவை நடத்துபவராகத் திரையிலும் தோன்றுகிறார். அந்தக் காட்சியின் இசைப்படைப்பு ஆர்தர் பெஞ்சமின் எழுதியது. அதற்குப் பதில் புதிதாகத் தாமே ஒன்றை எழுதும் வாய்ப்பு இருந்தும், பழையதே பொருத்தம் என்று விட்டுவிட்டார். கர்வம் பிடித்தவர் என்று பெயரெடுத்தவர் செய்த செயல் இது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1958இல் ‘வெர்டிகோ’. இறந்துபோனவளாகத் தான் நம்பும் ஒருத்தியின் சாயலில் இன்னொருத்தியை உடையாலும் கூந்தலாலும் மாற்றி, அவள் முழு உருவமாகக் கதவைத் திறந்து வரும்வரை நாயகன் காத்திருக்கிறான். வசனம் கிடையாது. இயக்குநர் அந்த இடத்தை முழுவதுமாக இசையமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டார். நடுங்கியபடி தொடங்கும் வயலின்கள் ஏறி, தயங்கி, மறுபடி ஏறி, அவள் வந்து நிற்கும்போது முழுக்குழுவாக உடைகின்றன. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்க இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், பதிவு லண்டனிலும் வியன்னாவிலும் மியூர் மேத்தீசன் நடத்த நடைபெற்றது. தம் சிறந்த படைப்பைத் தம் கையால் நடத்த ஹெர்மனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி முதல் காட்சிக்கு வருகிறேன்.

‘சைக்கோ’ சிக்கனமாக எடுக்கப்பட்ட படம். ஏறக்குறைய எட்டு இலட்சம் டாலர் செலவு, தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் குழு, கறுப்பு வெள்ளை. எடுத்து முடித்துப் பார்த்த ஹிட்ச்காக்குக்குத் திருப்தியில்லை. ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகச் சுருக்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு வாரம் படப்பிடிப்பு நடத்தியிருந்தார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம், தண்ணீர்ச் சத்தமும் அலறலும் போதும் என்பது அவர் கட்டளை. சொல்லிவிட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விட்டார்.

ஹெர்மன் அந்தக் கட்டளையை மீறினார்.

படம் முழுவதற்கும் நரம்புக் கருவிகள் மட்டுமே என்று முன்பே முடிவு செய்திருந்தார். ஊதுகருவி இல்லை, முரசு இல்லை. திகில் படத்திற்கு முரசு கூடவா இல்லை என்று அந்நாளில் யாரும் கேட்டிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் கறுப்பு வெள்ளை ஒலி என்பதே அவர் கணக்கு. கதாநாயகி பணத்தைத் திருடிக்கொண்டு மழையில் கார் ஓட்டும் காட்சியைப் பாருங்கள். திரையில் இருப்பது அவள் முகம், கண்ணாடித் துடைப்பான், எதிரே வரும் விளக்குகள். அவ்வளவே. இசையை எடுத்துவிட்டால் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண் என்றே நினைப்போம். அவள் குற்றவுணர்ச்சி முழுவதும் அந்த விடாத வில்லடிகளில்தான் இருக்கிறது.

குளியலறைக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் ஒலியை மழுக்கும் அடைப்பானைக் கருவிகளில் பொருத்தி வாசிக்கச் சொன்ன ஹெர்மன், இங்கே அதைக் கழற்றச் செய்தார். வயலின்கள் கீச்சென்ற உச்சத்தில், ஒவ்வொரு வில்லடியிலும் சுரத்தை வழுக்கவிட்டு, ஒன்றையொன்று உரசும் சுரங்களாக மேலிருந்து கீழ் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. மின்கருவியோ பறவைக் கூச்சலோ எதுவும் இல்லை. மரமும் நரம்பும் குதிரைமயிரும்தான். கத்தி போனதும் அந்தக் கீச்சொலியும் போய்விடுகிறது. அடியில் செலோவும் டபுள் பாஸும் கனத்து இறங்க, அவள் சுவரோடு சரிகிறாள். அவள் விழுந்தபின் இசை நின்றுவிடுகிறது. தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஹிட்ச்காக் கேட்ட மௌனத்தை ஹெர்மன் தூக்கி எறியவில்லை, இடம் மாற்றி வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். ஒலியை அணைத்துப் பார்த்த அன்று எனக்கு இது புலப்படவில்லை. ஐந்தாறு முறை பார்த்த பிறகே புரிந்தது.

திரும்பி வந்த இயக்குநருக்கு இசையுடனான காட்சியைப் போட்டுக் காட்டினார் ஹெர்மன். தம் கட்டளையைத் தாமே விலக்கிக்கொண்டார் ஹிட்ச்காக். அதோடு நில்லாமல், பேசிய ஊதியத்தையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். 1960இல் படம் வெளிவந்தது. அந்தக் கீச்சொலியை அதன்பிறகு எத்தனை ஊர்ப் படங்களில் கேட்டிருக்கிறோம்! பேய்க் கதைக்கும் கேலிக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது.

1963இல் வந்த ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் பின்னணி இசையே கிடையாது. பறவைச் சத்தங்களை மின்கருவியில் உருவாக்கினார்கள். அதற்கு ஒலி ஆலோசகராக உட்கார்ந்தவர் ஹெர்மன். இசையில்லாத படத்தில் ஓர் இசையமைப்பாளர்! ஆக, எல்லா இடத்தையும் இசையால் நிரப்பியே தீர வேண்டும் என்ற வெறி அவருக்கு இல்லை. இது தெரிந்த பிறகே அடுத்து நடந்தது எனக்கு அதிகமாக வலித்தது.

1966, ‘டார்ன் கர்ட்டன்’. பால் நியூமனும் ஜூலி ஆண்ட்ரூஸும் நடிக்கும் பெரிய படம். காலம் மாறியிருந்தது. இசைத்தட்டாக விற்கக்கூடிய, இளைஞர்கள் கேட்கும் தாளம் வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் நெருக்கியது. ஹிட்ச்காக்கும் அதையே ஹெர்மனிடம் வற்புறுத்தினார். ஹெர்மன் சம்மதிப்பதுபோல் சம்மதித்துவிட்டு, தமக்குத் தோன்றியதையே எழுதினார். பதினாறு ஹார்ன், பன்னிரண்டு புல்லாங்குழல், ஒன்பது டிராம்போன், இரண்டு டூபா, எட்டு செலோ, எட்டு டபுள் பாஸ், டிம்பனி. வயலின் ஒன்றுகூட இல்லை. விற்பனைக்கான மெட்டு கேட்டவரிடம் இப்படியொரு இருட்டுக் குழுவைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்தப் படத்திலும் ஒரு கொலைக் காட்சி உண்டு. கிழக்கு பெர்லினுக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. பின்தொடர்ந்து வந்த உளவாளியை நாயகனும் அந்த வீட்டுப் பெண்ணும் கொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே டாக்சிக்காரர் இருப்பதால் துப்பாக்கிக்கு வழியில்லை. கழுத்தை நெரிக்கிறார்கள், கத்தி உடைகிறது, மண்வெட்டியால் காலில் அடிக்கிறார்கள், கடைசியில் எரிவாயு அடுப்புக்குள் தலையைத் தள்ளுகிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினமான, அசிங்கமான, நீண்ட வேலை என்று காட்டவே ஹிட்ச்காக் அதை எடுத்தார். இங்கும் இசை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இங்கும் ஹெர்மன் எழுதினார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை மீறியதற்கு ஊதியம் இரட்டிப்பானது அவருக்கு நினைவிருக்காதா என்ன?

இந்த முறை கதை வேறு மாதிரி முடிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வந்த ஹிட்ச்காக், பதிவானதைக் கேட்டார். வாசித்தவர்கள் முன்னிலையிலேயே பதிவை நிறுத்தச் செய்தார். ஜான் அடிசன் வேறு இசை எழுதினார். பதினோரு ஆண்டு நட்பு, ஏழு படங்களின் இசை, எல்லாம் அந்த ஒரு நாளோடு முடிந்தது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படம்கூடச் செய்யவில்லை.

அறைத் தோழனிடம் ‘டார்ன் கர்ட்டன்’ வட்டும் இருந்தது. ஹெர்மன் எழுதிய இசையோடு சில காட்சிகளைக் கூடுதல் பகுதியாக அதில் இணைத்திருந்தார்கள், பண்ணை வீட்டுக் கொலையும் அவற்றில் ஒன்று. நள்ளிரவு தாண்டி இருவரும் அதை இரண்டு விதமாகவும் பார்த்தோம். ஹார்ன்களும் டிராம்போன்களும் உறுமும் அந்த இசை அபாரமானது. தனியாகக் கேட்டால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். ஆனால் காட்சியோடு பார்க்கும்போது, அது சினிமாச் சண்டையாகிவிடுகிறது. யாரோ நமக்காகப் பயப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். இசையில்லாத வடிவத்தில் மூச்சிரைப்பும், செருப்பு தரையில் தேயும் ஒலியும், நாற்காலி நகரும் ஒலியும் மட்டும். பார்க்கவே முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் காட்சியைப் பொறுத்தவரை ஹிட்ச்காக் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. என் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாலை வரை வாதாடினோம். ஒரு கலைஞரை அவர் குழுவின் முன்னால் அப்படி நிறுத்தியது சரியா என்று கேட்டால், இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

அதன்பின் ஹெர்மன் தம் வாழ்க்கையை மெல்ல மெல்ல லண்டனுக்கு மாற்றிக்கொண்டார். அதே 1966இல், பல்லாண்டுகள் உழைத்து 1951இல் எழுதி முடித்திருந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ ஓப்ராவைத் தம் சொந்தப் பணத்தில் ஒலிப்பதிவு செய்தார். எந்த ஓப்ரா அரங்கும் அதை அவர் உயிரோடிருந்தவரை மேடையேற்றவில்லை. சில பகுதிகளைக் குறைத்தால் போடலாம் என்ற பேச்சு வந்தபோதும் அவர் இணங்கவில்லை. அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1982இல்தான் அது மேடையைக் கண்டது.

ஹாலிவுட் கைவிட்டவரைப் பிரான்சின் பிரான்சுவா துரூபோ தேடி வந்தார். ஹிட்ச்காக்கை ஆசானாகக் கொண்டாடிய அந்த இயக்குநருக்கு ‘பாரன்ஹீட் 451’ உட்பட இரண்டு படங்களுக்கு எழுதினார். அதன்பின் அமெரிக்காவிலிருந்து ஒரு புதிய தலைமுறை வந்தது. படித்து வளர்ந்த பாடப்புத்தகமே அவருடைய இசைதான் என்று சொல்லக்கூடிய இளைஞர்கள். பிரையன் டி பால்மா ‘சிஸ்டர்ஸ்’ படத்தைத் தற்காலிக இசையோடு போட்டுக் காட்ட, அது ஹெர்மனின் பழைய படத்து இசையாகவே இருக்க, நிறுத்தச் சொல்லிக் கத்தினாராம் அவர். பழைய இசை காதில் விழுந்தால் புதியதை எப்படி யோசிப்பது என்பது அவர் கோபம். இளைஞர் பயந்து போனாலும் அவரை விடவில்லை. 1973இல் அந்தப் படம் வெளிவந்தது.

கடைசி வேலை மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘டாக்சி டிரைவர்’. இரவு நியூயார்க்கில் தூக்கமின்றிக் கார் ஓட்டும் ஒருவனின் கதை. ஹெர்மன் பிறந்து வளர்ந்த ஊர். அதுவரை ஜாஸ் பக்கம் அதிகம் போகாதவர், இதற்கு ஒரு தனிச் சாக்சபோனைத் தேர்ந்தெடுத்தார். சோம்பலாக, இனிமையாக, ஏதோ பழைய காதல் பாட்டுபோல் அது நகர, அடியில் பித்தளைக் கருவிகளும் முரசும் கெட்ட கனவுபோல் ஏறி இறங்குகின்றன. அவன் மனத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் அவை. கடைசிக் காட்சியில் அவன் கண்ணாடியில் எதையோ கண்டு சட்டென்று திரும்புகிறான். அந்தக் கணத்துக்கு ஒரு சிறு ஒலி வேண்டும் என்று கேட்டபோது, ஒற்றை மணியொலியைப் பதிவு செய்து அதைத் தலைகீழாக ஓடவிடச் சொன்னார். அவ்வளவு சின்ன விஷயம். வானொலிக் காலத்துப் பழக்கம் போகவே இல்லை. படத்தின் முடிவில் வரும் மூன்று சுரங்கள் ‘சைக்கோ’வில் அவர் எழுதிய அதே மூன்று சுரங்கள்.

1975ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிப்பதிவு முடிந்தது. உடல்நலம் குன்றியிருந்தார். அன்றிரவு விடுதி அறைக்குத் திரும்பிப் படுத்தவர், 24ஆம் நாள் விடியலில் எழவில்லை. வயது அறுபத்து நான்கு. 1976இல் வெளிவந்த படத்தின் இறுதியில் அவருக்கு நன்றியும் மரியாதையும் தெரிவிக்கும் வரி, பிறந்த நாளோடும் இறந்த நாளோடும் வருகிறது. அவர் மறைவுக்குப் பின் ‘டாக்சி டிரைவர்’, ‘அப்செஷன்’ இரண்டும் ஆஸ்கர் போட்டியில் நின்றன. இரண்டுக்கும் கிடைக்கவில்லை. தூக்கி எறியப்பட்ட ‘டார்ன் கர்ட்டன்’ இசையின் சில பகுதிகளை, எல்மர் பெர்ன்ஸ்டைன் 1991இல் ஸ்கார்செசியின் ‘கேப் பியர்’ படத்தில் சேர்த்தார். இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தச் சுரங்கள் திரையரங்குகளில் ஒலித்தன, வேறொரு கதைக்காக.

நான்காம் நாள் காலையில் ஒத்திகைக்குப் போனேன். அக்காவிடம் ஹெர்மன் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கடைசிக் காட்சியில் இசை இல்லை அக்கா, நான்காம் காட்சியில் அப்பா இருமும்போதும் எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். மூன்று நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

கலையிரவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சி வந்தபோது நான் மேடையோரத்தில் கீபோர்டை அணைத்துவிட்டு, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாயாக நடித்தவள் கதவைச் சாத்தினாள். பழைய பூட்டு அது. முதல் முறை விழவில்லை. எங்கள் ஒத்திகையில் ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை. அவள் சாவியை எடுத்து, மறுபடி நுழைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினாள். பூட்டு விழுந்த சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது.